சிறு ரயில் கட்ட வரும் பிள்ளைகளுக்கு

பாக்கார் ஆராங்கிலும் சுங்கை பட்டாணியிலும் மாதிரி ரயில் கட்ட ஆசைப்படும் இளையவர்கள் சிலர் இருக்கிறார்கள். என்னைத் தேடி வருகிறவர்களின் கைபேசியில் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படம்தான் இருக்கிறது: பனி மூடிய மலை, நீளமான சுரங்கம், ஐரோப்பியக் கிராமம், எட்டுப் பெட்டி எக்ஸ்பிரஸ். அவை அழகானவைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மலைகளைக் கட்ட அந்த ஊர்களில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கெடாவின் தோட்டத்தையும் மீட்டர் கேஜ் பாதையையும் கட்ட நாம்தான் இருக்கிறோம். அதை மனத்தில் வைத்துத்தான் கீழே உள்ளவற்றைச் சொல்கிறேன்.

1. வாங்குவதற்கு முன் பாருங்கள். கெடாவின் பாதை 1915இல் அலோர் ஸ்டாரை எட்டியது, 1918இல் எல்லையில் உள்ள பாடாங் பெசாரைத் தொட்டுச் சயாம் ரயிலோடு சேர்ந்தது. ஒற்றைத் தடமாக ஏறக்குறைய நூறு ஆண்டு ஓடிய அந்தப் பாதை, ஈப்போ முதல் பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் இரட்டைத் தடமாகி, மின்மயமாயிற்று. 2015இல் இடிஎஸ் எனும் மின்ரயில் வண்டிகள் எல்லை வரை ஓடத் தொடங்கின. சுங்கை பட்டாணி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒரு காலைப்பொழுது நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். சரளைக் கல் எந்தச் சரிவில் கொட்டிக் கிடக்கிறது, தண்டவாளத்தின் பக்கவாட்டு என்ன நிறம், மேல்பரப்பு என்ன நிறம், மழைத் தண்ணீர் எந்த வாய்க்காலில் ஓடுகிறது என்று எழுதுங்கள். பக்கவாட்டு துருப் பழுப்பு, மேல்பரப்பு மட்டும் வெள்ளிப் பளபளப்பு. கடையிலிருந்து வரும் மாதிரித் தண்டவாளம் முழுக்கப் பளபளப்பாக இருக்கும். அதன் பக்கவாட்டுக்குப் பழுப்பு பூசினாலே பாதி வேலை முடிந்தது. பார்ப்பதெல்லாம் பிளாட்பாரத்திலிருந்து மட்டுமே. மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. வேலியைத் தாண்டி ஒருவரும் இறங்கக்கூடாது. எவ்வளவு நல்ல புகைப்படத்துக்காகவும் கூடாது.

2. அளவுக் கணக்கைக் கையால் போட்டுப் பழகுங்கள். கடைக்காரர் ‘ஹெச்ஓ’ என்றால் 87இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அது உலகின் ஸ்டாண்டர்டு கேஜ் பாதைக்குப் பொருந்தும், அதாவது 1,435 மில்லிமீட்டருக்கு. நம் நாட்டுப் பாதை 1,000 மில்லிமீட்டர். 16.5 மில்லிமீட்டர் பாதையில் நம் ரயில்வேயான கேடிஎம்மின் இன்ஜினை ஏற்றினால் அது கால் அகட்டி நிற்கும். அளவை விடாமல் கட்டினால் 12 மில்லிமீட்டர் பாதை வேண்டும். அது கிடைக்கிறது, ஆனால் விலை அதிகம், வகையும் குறைவு.

அதைவிட எளிய வழிகள் இரண்டு உண்டு. ‘என்’ கேஜ் எனப்படும் 9 மில்லிமீட்டர் பாதை ஜப்பானிலிருந்து நல்ல தரத்தில் வருகிறது. அதன் மேல் 120இல் ஒரு பங்கு அளவில் உடலைக் கட்டினால், 9ஐ 120ஆல் பெருக்க 1,080 மில்லிமீட்டர். நம் மீட்டர் கேஜுக்கு மிக அருகில். அதே 9 மில்லிமீட்டர் பாதையில் 87இல் ஒரு பங்கு உடலை வைத்தால் 783 மில்லிமீட்டர். இது மெயின் லைன் அல்ல, தோட்டத்துச் சிறு ரயில். ஒரே பாதையில் இரண்டு உலகமும் கட்ட வழி கிடைக்கிறது. தொடங்குகிறவருக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவது. காரணம் அடுத்த இரண்டு எண்களில்.

3. சிறிய பலகையில் தொடங்குங்கள். 90 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம் போதும். கணக்கைப் பாருங்கள்: இப்போது ஓடும் ஆறு பெட்டி கொமுட்டர் வண்டியின் ஒரு பெட்டி 20 மீட்டருக்கு மேல். 87இல் ஒரு பங்கில் ஒரு பெட்டியே 23 சென்டிமீட்டரைத் தாண்டும், முழு வண்டி ஒன்றரை மீட்டரைத் தொடும். அது திரும்ப வளைவு வேண்டும், நிற்க ஸ்டேஷன் வேண்டும். தாமான் வீட்டில் ஓர் அறையையே அதற்குக் கொடுக்க வேண்டியிருக்கும். பாதியில் நின்று தூசி படிந்த பெரிய லேஅவுட்டுகளைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கட்டியவர்களுக்குத் திறமை இருந்தது, இடமும் பொழுதும் போதவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்கக்கூடிய ஒரு பலகை முடிந்து ஓடுவதைப் பார்த்த பிள்ளை, அடுத்ததைத் தானாகவே கட்டுகிறான்.

4. ரயிலுக்கு ஒரு வேலை கொடுங்கள். வட்டத்தில் சுற்றும் வண்டி சீக்கிரம் அலுத்துவிடும். எதை, எங்கிருந்து, எங்கே கொண்டுபோகிறது என்று முடிவு செய்த பிறகுதான் பாதையை வரைய வேண்டும்.

நமக்கு நல்ல முன்மாதிரி பேராக்கில் இருக்கிறது. தெலுக் இந்தான் பக்கம் ஜெண்டராட்டா தோட்டம். 1906இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற பொறியாளர் ரப்பர்த் தோட்டமாகத் தொடங்கியது. பின்னர் யுனைடெட் பிளான்டேஷன்ஸ் நிறுவனம் ஆயிற்று. அந்த நிறுவனத்தின் தோட்டங்களுக்குள்ளேயே 700 மில்லிமீட்டர் இடைவெளியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இலகு ரயில் பாதை போட்டு, செம்பனைக் குலைகளைக் கூண்டு வண்டிகளில் ஆலைக்கு இழுக்கிறார்கள். 700 என்பது 87இல் ஒரு பங்கில் 8 மில்லிமீட்டர். நம் 9 மில்லிமீட்டர் பாதை அதற்குக் கண்ணை உறுத்தாமல் பொருந்தும். சிறிய டீசல் இன்ஜின், குட்டை வண்டிகள், கூர்மையான வளைவுகள், மெதுவான ஓட்டம். சிறிய பலகைக்கு இதைவிடப் பொருத்தமான ரயில் எனக்குத் தெரியாது.

பாதை அமைப்புக்கு ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வகுத்த ‘இங்கிள்நூக் சைடிங்ஸ்’ முறையைப் பயன்படுத்துங்கள். மூன்று கிளைகள்: ஒன்று ஐந்து வண்டி நிற்கும் நீளம், மற்ற இரண்டும் மும்மூன்று. மொத்தம் எட்டு வண்டிகள். சீட்டுக் குலுக்கி ஐந்தைத் தேர்ந்து, அதே வரிசையில் கோத்து வெளியே அனுப்ப வேண்டும். பாதை பிரியும் பாயின்ட் இரண்டே போதும். எட்டில் ஐந்தை வரிசைப்படுத்த 6,720 வழிகள் உண்டு. ஒரே புதிர் திரும்ப வர நாளாகும். தோட்டத்துக்கு இது இயல்பாகவே பொருந்துகிறது: நிறைந்த வண்டி ஆலைக்கு, காலி வண்டி காட்டுக்கு, உரம் ஏற்றியது ஸ்டோருக்கு.

5. பலகையை மழைக்காலத்துக்கும் வெயில்காலத்துக்கும் தயார் செய்யுங்கள். வெளிநாட்டுப் புத்தகங்கள் இதை நமக்காக எழுதுவதில்லை. நம் ஊரில் மரம் ஈரத்தைக் குடித்து வீங்கும், சனவரி, பிப்ரவரி வறட்சியில் சுருங்கும். தண்டவாளம் அப்படிச் சுருங்காது. அதனால்தான் நேராகப் போட்ட பாதை சில மாதத்தில் பாம்பாக நெளிகிறது. 9 மில்லிமீட்டர் பிளைவுட் வாங்கி, மேலும் கீழும் வெட்டிய ஓரங்களிலும் வார்னிஷ் அல்லது பெயின்ட் இரண்டு முறை அடியுங்கள். ஓரத்தை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் அடித்தும் பயனில்லை, ஈரம் அங்கேதான் நுழைகிறது. தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகை வேண்டாம். ஒரு முறை நனைந்தால் உப்பிப் போய்ப் பழைய நிலைக்குத் திரும்பாது. கரையான் உள்ள வீட்டில் பலகையைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

6. பாதை போடும்போது அவசரம் கூடாது. ஒவ்வொரு இணைப்பையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தட்டுப்படுவது சக்கரத்துக்கும் தட்டுப்படும். இணைப்புகளில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். வளைவின் நடுவில் இணைப்பு வராமல் பாருங்கள். ஏற்றம் வைத்தால் ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். முதல் பலகையில் ஏற்றமே இல்லாதிருப்பது இன்னும் நல்லது.

பாயின்ட் வாங்கும்போது நடு மூக்குப் பகுதி உலோகமாகவும் அதற்கு மின்சாரம் வரும்படியாகவும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். நான்கு சக்கரத் தோட்ட இன்ஜினின் இரு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. மூக்கு பிளாஸ்டிக்காக இருந்தால் அந்தச் சில மில்லிமீட்டரில் இன்ஜின் செத்து நிற்கும். நீளமான இன்ஜின் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை தெரியவே தெரியாது, அதனால் அவர் பேச்சைக் கேட்டு மலிவானதை வாங்காதீர்கள்.

7. மின்சாரத்தில் துணிச்சல் காட்டாதீர்கள். பாதைக்குப் போவது 12 வோல்ட் நேர்மின்சாரம், அதைத் தொடலாம். சுவரில் வருவது 230 வோல்ட், அந்தப் பக்கம் உங்கள் கை போகவே கூடாது. சிரிம் தர முத்திரையுள்ள மூடிய அடாப்டரை வாங்குங்கள், அதைத் திறக்காதீர்கள். பலகைக்கு அடியில் தடித்த இரு கம்பிகளை நெடுக ஓட்டி, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெல்லிய கம்பி இணைத்துப் பற்றவையுங்கள். இணைப்புத் தகடு மின்சாரம் கடத்தும் என்று நம்பி விட்டுவிட்டால், நம் ஈரக் காற்றில் அது மங்கிப் போய், ஒரு நாள் மூலையில் மட்டும் வண்டி தவழும்.

8. இன்ஜினை மேம்படுத்துவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் இதயம். ஓட்டம் முதலில், அழகு அதற்குப் பிறகு. மேலே எவ்வளவு நுட்பமாகக் கட்டினாலும் விக்கி விக்கி ஓடும் இன்ஜினை யாரும் இரண்டாம் முறை பார்க்கமாட்டார்கள்.

ஜப்பானின் காட்டோவும் டோமிடெக்கும் 9 மில்லிமீட்டர் பாதைக்கான சிறு மோட்டார் சாஸிகளைத் தனியாகவே விற்கின்றன. முதலில் அதை மட்டும் வாங்குங்கள். உடல் எதுவும் வைக்காமல் நடுத்தர வேகத்தில் முன்னே அரை மணி, பின்னே அரை மணி ஓட விடுங்கள். பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று பழகும். பிறகு சோதனை. தோட்ட ரயில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொண்டால், 87இல் ஒரு பங்கில் அது நொடிக்கு 3 சென்டிமீட்டர் சொச்சம். ஒரு மீட்டரைக் கடக்க அரை நிமிடம் ஆக வேண்டும். மேசையில் ஒரு மீட்டர் நேர்ப்பாதை போட்டு, கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். நிற்காமல், குதிக்காமல் அரை நிமிடத்தில் கடந்தால் அந்த சாஸியின் மேல் உழைக்கலாம்.

கடக்கவில்லை என்றால் காரணத்தை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். சக்கரத்தில் அழுக்கு இருக்கிறதா? ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள், கறுப்பு வருவது நிற்கும்வரை. எல்லாச் சக்கரங்களும் மின்சாரம் எடுக்கின்றனவா? செம்புத் தகடு சக்கரத்தைத் தொடாமல் விலகியிருக்கலாம். எடை போதுமா? அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ, ‘என்’ கேஜ் வண்டிகளுக்கு அடிப்படையாக 14 கிராம், அதோடு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் 4 கிராம் என்று வகுத்திருக்கிறது. அது இழுபடும் வண்டிகளுக்கான கணக்கு. இழுக்கும் இன்ஜினுக்கு இடம் கொள்ளும் அளவு சேர்க்கலாம், ஆனால் எடை இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் விழ வேண்டும். ஈயத்தைவிட இரும்பு நட்டும் டங்ஸ்டன் பசையும் நல்லவை. ஈயம்தான் கையில் இருக்கிறது என்றால் தொட்ட பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இதற்குப் பிறகும் பாயின்டில் திணறினால், பழைய கைக்காரர்களின் வழி ஒன்று உண்டு. இன்ஜினுக்குப் பின்னால் ஒரு தட்டு வண்டியைப் பிரிக்காமல் கோத்து, அதன் நான்கு சக்கரங்களிலிருந்தும் மின்சாரம் எடுத்து, மெல்லிய இரு கம்பிகளால் மோட்டாருக்குக் கொடுங்கள். நான்கு சக்கரத்தில் ஓடியது எட்டில் ஓடும். வண்டி மேல் ஒரு தார்ப்பாய் போட்டால் கம்பி தெரியாது. டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்குப் போனவர்கள் டிகோடரோடு மின்தேக்கி இணைத்து, அழுக்கான இடத்தையும் நிற்காமல் கடக்கலாம். ஆனால் கம்பியும் பஞ்சுக் குச்சியும் தீர்க்கும் குறைக்கு மின்தேக்கியைத் தேடி ஓட வேண்டாம்.

எண்ணெய் விஷயத்தில் கைச்சுருக்கம் வேண்டும். அச்சுக்கு ஊசி முனையில் நிற்கும் அளவு போதும். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். மாதிரி ரயிலுக்கென்று விற்கும், பிளாஸ்டிக்கைக் கெடுக்காத எண்ணெய்தான் போட வேண்டும்.

இத்தனையும் முடிந்த பின் உடல் கட்டுங்கள். அரை மில்லிமீட்டர் ஸ்டைரின் தாள் கத்தியால் கீறி மடித்தாலே உடையும், ரம்பம் வேண்டாம். திறந்த கேபின், தகரக் கூரை, முன்னால் ரேடியேட்டர் கம்பி வலை, உள்ளே தலைத்துண்டு கட்டிய ஓட்டுநர். மழை வருகிற மாலையில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். ஈரக் காற்றில் பெயின்ட் வெண்படலம் பூத்துவிடும். காலை பத்து மணி வெயிலில் அடித்தால் அப்படி வராது.

9. தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். பளபளப்பாகத்தான் வரும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒவ்வொன்றிலும் அடுத்த அழுக்கு வந்து உட்காரும். ஆல்கஹாலும் பழைய பனியன் துணியும் போதும்.

10. ரப்பர்த் தோட்டத்தைக் கட்டும்போது நிரையை மறக்காதீர்கள். காட்டு மரம்போல் கண்டபடி நட்டால் அது தோட்டம் ஆகாது. வரிசைக்கு வரிசை 20 அடி, மரத்துக்கு மரம் 10 அடி என்று எடுத்துக்கொண்டால், 87இல் ஒரு பங்கில் 7 சென்டிமீட்டரும் 3.5 சென்டிமீட்டரும் வரும். முற்றிய மரம் 20 மீட்டர் உயரம், மாதிரியில் 23 சென்டிமீட்டர், சிறு பலகையை அது விழுங்கிவிடும். பால் வெட்டத் தொடங்கிய இளமரமாக வைத்தால் 12 மீட்டர் என்று 14 சென்டிமீட்டரில் நிறுத்தலாம். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிய வேண்டும். மெல்லிய தூரிகையால் வெளிறிய கோடு ஒன்று, அதன் கீழ்முனையில் பால் வடியும் மங்கு. மங்குக்குச் சிறு மணி ஒன்றைப் பாதியாக வெட்டிக் கறுப்போ பழுப்போ பூசுங்கள்.

பிப்ரவரி மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் பலகைக்கே ஓர் அழகு வரும். கெடாவில் அப்போது ரப்பர் இலை பழுத்துச் செம்மஞ்சளாகி உதிரும். தரையெல்லாம் சருகு, கிளையெல்லாம் பாதி வெறுமை, பின்னணியில் நீல நிறத்தில் குனோங் ஜெராய். ஜெராய் 1,217 மீட்டர்தான், ஆனால் சுற்றிலும் சமவெளி என்பதால் எங்கிருந்தும் தெரியும். பின்பலகையில் அதை மங்கலாக, தண்ணீர் அதிகம் சேர்த்த நீலத்தில் வரையுங்கள். கூர்மையாக வரைந்தால் பக்கத்தில் வந்துவிடும்.

லயத்து வீடு, துருப்பிடித்த தகரக் கூரை, பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, மரத்தடி முனீஸ்வரன், பால் ஸ்டோர், தமிழ்ப் பள்ளி. இவற்றில் மூன்றோ நான்கோ போதும். சுங்கை பட்டாணியைச் சுற்றிப் பல தோட்டங்கள் இன்று வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆகிவிட்டன. படம் கிடைக்காது. வயதானவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தில் வரையச் சொல்லுங்கள்: கிணறு எந்தப் பக்கம், கிராணி வீடு எவ்வளவு தூரம், குளியல் தொட்டி எங்கே என்று. அளவு தப்பும், ஆனால் எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பது தப்பாது. பலகைக்கு வேண்டியது அதுதான்.

பாதை ஓரத்தில் கடப்பாரையோடு ஒரு கேங் ஆட்களையும் நிறுத்துங்கள். இந்த நாட்டில் தண்டவாளம் போட்டதிலும் பராமரித்ததிலும் தமிழர்களின் உழைப்பு மிகுதி. 1942, 1943இல் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா பாதை போட்டபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டு போனார்கள். பல ஆயிரம் பேர் திரும்பவில்லை. அதுவும் மீட்டர் கேஜ்தான். அந்தக் கொடுமையைப் பலகையில் காட்சியாக வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆள் இல்லாத பாதையைக் கட்டாதீர்கள் என்கிறேன். கடையில் கிடைக்கும் பொம்மை மனிதர்கள் கோட்டுப் போட்டிருப்பார்கள். கோட்டைச் சீவிவிட்டு, தோலுக்கு நம் நிறம் பூசி, மெல்லிய காகிதத்தில் கைலியும் தலைத்துண்டும் ஒட்டுங்கள். பெண்களுக்குச் சேலைக்கு மேல் பழைய நீளக்கைச் சட்டை. பால் வெட்டப் போகிறவர்கள் கொசுவுக்கும் பால் கறைக்கும் அப்படித்தான் போட்டுக்கொண்டார்கள்.

11. வெப்பத்தை மறக்காதீர்கள். முப்பரிமாண அச்சில் வரும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் அருகில் இளகும். மூடிய காருக்குள் நண்பகலில் வைத்தால் இன்ஜின் உடல் வளைந்துவிடும். பெட்டியில் வரும் மெத்தைப் பஞ்சும் நம் ஊரில் சில ஆண்டுகளில் ஒட்டும் பசையாக மாறிப் பெயின்டோடு பிடித்துக்கொள்ளும். வாங்கியதும் அதை எடுத்துவிட்டு, அமிலமில்லாத் தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

12. பலகைக்கு அடியில் எழுதி வையுங்கள். எந்த நிறக் கம்பி எந்தத் தண்டவாளத்துக்குப் போகிறது, எந்தப் பாயின்டுக்கு எந்தச் சுவிட்ச், என்றைக்கு எண்ணெய் விட்டது, சக்கரம் என்றைக்குத் துடைத்தது, ஒரு மீட்டரைக் கடக்க எத்தனை நொடி ஆயிற்று. அழியாத மார்க்கரால், பெரிய எழுத்தில், தமிழில். ஆறு மாதம் கழித்து அந்த நொடிக் கணக்கு கூடியோ குறைந்தோ இருந்தால், இன்ஜினில் கைவைக்கும் முன் தண்டவாளத்தைத் துடையுங்கள், பிறகு சக்கரத்தை, அதற்கும் பிறகுதான் மோட்டாரைத் திறக்க வேண்டும்.